ஹோம்ஸ்டெட் பள்ளி: கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

வாரக்கடைசியில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, வெளியே ஃபிளாஸ்க் காபியோடு நிற்கும் பெற்றோர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் மகள் கலிஃபோர்னியாவில் ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் படித்து முடித்தவள். அதனால் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிறவர்கள்தான் மாறுவார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

பப்ளிக் ஸ்கூல்னா நம்ம ஊர்ல இருக்கிற மாதிரி பணம் கட்டிப் படிக்கிற பெரிய ஸ்கூலா?

இல்லை. நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் தனியார் பள்ளி. இங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, நம் வழக்கில் அரசுப் பள்ளி. ஆனால் மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. 'பள்ளி மாவட்டம்' என்று தனி அமைப்பு உண்டு. அதன் நிர்வாகக் குழுவின் ஐந்து உறுப்பினர்களை உள்ளூர்க்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஹோம்ஸ்டெட் இருப்பது ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தில். ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட், லின்புரூக், மான்டா விஸ்டா என்று அதில் ஐந்து பள்ளிகள். எல்லாவற்றிலும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். எட்டாம் வகுப்பு வரை பார்த்துக்கொள்வது வேறு மாவட்டங்கள், வேறு அலுவலகங்கள். அங்கே கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்காதீர்கள்.

எங்க வீட்டு முகவரி சன்னிவேல். பிள்ளை எப்படி கூப்பர்டினோ ஸ்கூலுக்குப் போக முடியும்?

ஊர் எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றல்ல. ஹோம்ஸ்டெட் சாலையும் மேரி அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது பள்ளி. அதன் அஞ்சல் முகவரி கூப்பர்டினோ, ஆனால் படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் சன்னிவேல்காரர்கள், கொஞ்சம் பேர் லாஸ் ஆல்டோஸ். கூப்பர்டினோ மிடில் ஸ்கூல் என்றே பெயர் வைத்த பள்ளி சன்னிவேலுக்குள் இருக்கிறது என்றால் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது தரகர் சொல்வதையோ வீட்டு விளம்பரத்தில் இருப்பதையோ நம்ப வேண்டாம். மாவட்டத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி.

ஸ்கூல் எப்போ ஆரம்பிச்சாங்க? அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?

1962-இல். அதற்கு முன், இன்று சிலிக்கான் வேலி என்கிற இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம்: ஆப்ரிகாட், ப்ரூன், செர்ரி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மின்னணு நிறுவனங்கள் வந்தன. 1956-இல் சன்னிவேலுக்கு லாக்ஹீட் ஏவுகணைப் பிரிவு வந்தது. பொறியாளர்கள் குடும்பத்தோடு குடியேறினார்கள், தோப்புகள் வெட்டப்பட்டு வீடுகள் ஆயின. பிள்ளைகள் பெருகப் பெருகப் பள்ளிகளும் முளைத்தன. மாவட்டத்தின் முதல் பள்ளியான ஃப்ரீமான்ட் 1923-இல் வந்தது. அடுத்த பள்ளிக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் பாருங்கள்: 1956-இல் சன்னிவேல், 1958-இல் கூப்பர்டினோ, 1962-இல் ஹோம்ஸ்டெட், 1965-இல் லின்புரூக், 1969-இல் மான்டா விஸ்டா. பதின்மூன்று வருடத்தில் ஐந்து பள்ளிகள்.

ஐந்தில் ஒன்று மேலே நான் சொன்ன பட்டியலில் இல்லையே என்று கவனித்திருப்பீர்கள். சன்னிவேல் பள்ளியின் கதை கடைசிக் கேள்வியில் வரும்.

ஸ்டீவ் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் ஒரே கிளாஸ்ல படிச்சவங்களாமே?

ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய இந்த இரண்டு பேரும் ஹோம்ஸ்டெட்தான். ஆனால் ஒரே வகுப்பு இல்லை, ஒரே சமயத்தில் கூட அங்கே இருந்ததில்லை. வாஸ்னியாக் படித்து முடித்தது 1968 கோடையில். ஜாப்ஸ் நுழைந்தது அதே வருடம் பள்ளி மறுபடி திறந்தபோது. 1972-இல் முடித்தார். ஒருவர் வெளியே போக, மற்றவர் உள்ளே வந்திருக்கிறார்.

இருவரையும் சேர்த்துவைத்தவர் பில் ஃபெர்னாண்டஸ் என்ற மூன்றாவது ஹோம்ஸ்டெட் மாணவர். வாஸ்னியாக் வீட்டுத் தெருவிலேயே குடியிருந்தவர், ஜாப்ஸுக்கு நண்பர். வாஸ்னியாக்கும் ஃபெர்னாண்டஸும் கார் ஷெட்டில் ஒரு சின்னக் கணினி செய்துகொண்டிருந்தார்கள். அப்போது குடித்துத் தீர்த்த க்ரீம் சோடாவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் நடந்த அறிமுகம் அது. ஃபெர்னாண்டஸ் பின்னால் ஆப்பிளின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர் ஆனார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இன்னொன்று. ஜாப்ஸ் முதலில் மவுன்டன் வியூவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் படித்தார். அங்கே சக மாணவர்கள் படுத்திய பாட்டில், இனி அந்தப் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். பெற்றோர் கையில் இருந்ததைத் திரட்டி, நல்ல பள்ளி எல்லைக்குள் லாஸ் ஆல்டோஸ் கிரிஸ்ட் டிரைவில் 21,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார்கள். பிற்பாடு ஆப்பிள் கணினிகளை அடுக்கிவைத்த கார் ஷெட் அந்த வீட்டுடையதுதான். பள்ளிக்காக வீடு மாறுவது நம்மவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அப்போ அந்த ஸ்கூல்ல கம்ப்யூட்டர் நல்லா சொல்லிக்கொடுத்தாங்களா?

கணினியே கிடையாது. ஜான் மெக்காலம் என்ற ஆசிரியர் இருந்தார். கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர், கண்டிப்பானவர். கார் நிறுத்துமிடத்தின் ஓரம் கொட்டகை மாதிரி ஒரு கட்டடத்தில் அவருடைய எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடந்தது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கம்பிச்சுருள் என்று பின்னறை நிறைய உதிரிப் பாகங்கள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகாமல், கையில் சால்டரிங் இரும்பைக் கொடுத்துச் செய்யச் சொன்னவர் என்று பழைய மாணவர்கள் சொல்கிறார்கள்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது வேறொன்று. வாஸ்னியாக்குக்குத் தன் வகுப்பில் கற்பிக்க இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், வாரம் ஒரு நாள் அந்த மாணவர் சில்வேனியா நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்த ஐபிஎம் 1130 கணினியில் நிரல் எழுத ஏற்பாடு செய்துகொடுத்தார். குதிரைக்காய் சதுரங்கப் பலகையின் எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை தொட்டு வரும் புதிர் அங்கே வாஸ்னியாக் எழுதிப் பார்த்த நிரல்களில் ஒன்று. ஜாப்ஸுக்கு மெக்காலத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு பாகம் தேவைப்பட்டதும் டெட்ராய்ட்டில் இருந்த நிறுவனத்துக்கு, பேசும் செலவை அவர்கள் தலையிலேயே கட்டி, தொலைபேசியில் கேட்டு வாங்கிவிட்டார். ஆசிரியருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வருடத்தோடு அந்த வகுப்பு ஜாப்ஸுக்கு முடிந்தது.

லாக்கர்ல பாம் வெச்சாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

வெடிக்கிற பாம் இல்லை. வாஸ்னியாக் கடைசி வருடம் படிக்கும்போது, டிக் டிக் என்று ஓசை போடும் ஒரு மின்னணுத் தாளக்கருவி செய்தார். பேட்டரிகளின் மேல்தாளை உரித்துவிட்டு, பாம் மாதிரி தெரியும்படி ஒன்றாகக் கட்டி லாக்கரில் வைத்தார். லாக்கர் கதவைத் திறந்தால் டிக் டிக் வேகம் கூடும்படி வேறு செய்திருந்தார். தலைமையாசிரியர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கால்பந்து மைதானத்துக்கு ஓடிப்போய்க் கம்பிகளைப் பிடுங்கியிருக்கிறார்.

வாஸ்னியாக்குக்கு ஓர் இரவு சிறார் காவலில் தூக்கம். அங்கேயும் சும்மா இல்லை, மின்விசிறிக் கம்பியைக் கழற்றிச் சிறைக்கம்பியில் எப்படி இணைப்பது என்று கூட இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவரே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் வீரக்கதையாகச் சொல்லாதீர்கள். இன்றைக்கு இதைச் செய்தால் ஓர் இரவோடு முடியாது.

ஒன்பதாவதுல சேர்க்க என்னென்ன பேப்பர் வேணும்? என்ட்ரன்ஸ் உண்டா?

நுழைவுத்தேர்வு, நேர்காணல், நன்கொடை எதுவும் கிடையாது. எல்லைக்குள் குடியிருந்தால் இடம் உண்டு. குடியிருப்புக்கான ஆதாரம்தான் முக்கியம்: வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம், மின்சாரக் கட்டணச் சீட்டு போன்றவை. அப்புறம் பிறந்த தேதிக்கான சான்று, பழைய பள்ளி மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி விவரம். விசா என்ன வகை என்று கேட்க மாட்டார்கள். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைச் சாத்தக் கூடாது என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தடுப்பூசி அட்டையை மறக்காமல் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள், பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே காசநோய் பற்றியும் விசாரிப்பார்கள். நம் பிள்ளைகள் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள் என்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை வீங்கிக் காட்டலாம். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

படிவத்துல 'வீட்டில் பேசும் மொழி'ன்னு கேக்கறாங்க. தமிழ்னு எழுதினா பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவன்னு முத்திரை குத்திடுவாங்களாமே?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால், பிள்ளைக்கு ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் எல்பேக் என்ற தேர்வு வைப்பார்கள், அவ்வளவுதான். பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது நான்கும் அதில் உண்டு. நன்றாகச் செய்துவிட்டால் அதோடு முடிந்தது. செய்யவில்லை என்றால் ஆங்கிலத்துக்கு உதவி வகுப்பு கிடைக்கும், தேறும்வரை வருடா வருடம் தேர்வு வரும்.

பயந்துபோய் 'ஆங்கிலம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போவதற்கு நீங்களே காரணம் ஆகாதீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

ஃபீஸ் எவ்வளவு? சாப்பாடு?

கல்விக் கட்டணம் கிடையாது. பாட்டு, விளையாட்டு, நாடகம் போன்ற வகுப்புக்கு வெளியேயுள்ள காரியங்களுக்குக்கூடப் பள்ளி கட்டாயக் கட்டணம் கேட்கக் கூடாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பு சொன்னது. அதனால் 'நன்கொடை' என்று கடிதம் வரும். அணிவகுப்பு வாத்தியக் குழுவில் பிள்ளை சேர்ந்தால் அந்தக் கடிதத்தில் இருக்கும் தொகை பெரிதாகவே இருக்கும். முடிந்தவர்கள் கொடுக்கிறோம், முடியாதவர் பிள்ளையை ஒதுக்கக் கூடாது. ஏபி என்று, கல்லூரித் தரத்தில் பள்ளியிலேயே படிக்கும் பாடங்கள் உண்டு; அந்தத் தேர்வுக்கு மட்டும் பாடம் ஒன்றுக்கு நூறு டாலரை ஒட்டிச் செலவாகும்.

சாப்பாடு 2022-23 கல்வியாண்டு முதல் மாநிலம் முழுக்க இலவசம். காலையும் மதியமும், ஏழை பணக்காரர் என்ற கேள்வியே இல்லாமல். மதிய உணவைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இவ்வளவு பணக்கார மாநிலம் இதற்கு இத்தனை காலம் எடுத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். சைவம் உண்டா என்று கேட்பீர்கள், உண்டு. ஆனால் பீன்ஸ் பர்ரிட்டோவை வாரம் மூன்று நாள் தின்ற பிள்ளை நாலாவது நாள் தயிர்சாதம் கேட்கும்.

ஒரு நாள் எப்படி இருக்கும்? ஏ செக்‌ஷன் பி செக்‌ஷன் உண்டா?

செக்‌ஷன் கிடையாது. ஆசிரியருக்கு அறை நிலையானது, பிள்ளைகள்தான் மணிக்கு மணி இடம் மாறுவார்கள். ஒரே கணக்கு வகுப்பில் ஒன்பதாவது பிள்ளையும் பதினொன்றாவது பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். 'உன் கிளாஸ்ல யாரெல்லாம்?' என்று நான் முதல் வாரம் மகளிடம் கேட்டதற்கு, 'எந்த கிளாஸ்ம்மா?' என்று திருப்பிக் கேட்டாள்.

காலை 8.30-க்கு முன் முதல் பீரியட் தொடங்கக் கூடாது. 2022 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இது சட்டம். வளர்கிற பிள்ளைகளுக்குத் தூக்கம் வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். எட்டு மணி வாக்கில் மேரி அவென்யூ பக்கம் போனால் பார்க்கலாம்: 280 நெடுஞ்சாலைக்கு மேலே வெள்ளைக் கம்பிகள் விசிறி மாதிரி விரிந்த ஒரு பாலம். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் 2009-இல் திறந்தது. தெற்கே குடியிருக்கும் பிள்ளைகள் அதன் மேல் சைக்கிளில் வரிசையாக வருவார்கள். ஒருத்தன் முதுகில் டிராம்போன் பெட்டி, ஒருத்தி ஹேண்டில்பாரில் தொங்கும் டிபன் பை. கீழே எட்டுத் தடங்களிலும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

கட்டடத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆரம்பக் கட்டடங்கள் சிமென்ட் கல்லில் எழுப்பிய இரண்டு மாடிப் பெட்டிகள். சிறைச்சாலை கட்டுகிறவர் வரைந்தது என்று ஜாப்ஸ் பின்னாளில் கேலி செய்தார். பிறகு வரிக்கடன் பத்திரப் பணத்தில் நிறையப் புதுப்பித்திருக்கிறார்கள். அப்படிக் கடன் வாங்க 55 சதவீத வாக்காளர்கள் சரி என்று சொல்ல வேண்டும். 2014-இல் மாவட்டம் முழுமைக்கும் 295 மில்லியன் டாலருக்கு அப்படி ஒப்புதல் கிடைத்தது.

ஹோம்கமிங்னு ஒரு வாரம் படிப்பே இல்லாம ஆடறாங்களே, அது என்ன?

படிப்பு இருக்கும், பிள்ளைகள் கவனம்தான் அங்கே இருக்காது. பழைய மாணவர்கள் ஊர் திரும்பி வந்து கால்பந்து ஆட்டம் பார்ப்பதுதான் ஹோம்கமிங்கின் ஆதி. இப்போது அது நான்கு வகுப்புகளுக்குள் நடக்கும் போட்டி. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கருப்பொருள், ஒரு நாள். நடுமுற்றத்தை அட்டை, துணி, பெயின்ட் கொண்டு அலங்கரிக்க வேண்டும். நாடகம், நடனம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டம், அதை ஒட்டி நடன இரவு. பள்ளியின் சின்னம் மஸ்டாங் குதிரை, நிறம் பச்சையும் வெள்ளையும் என்பதால் ஊரில் பச்சைச் சட்டைக்குத் திடீர்ப் பஞ்சம் வரும்.

என் மகள் ஒன்பதாவதில் இதெல்லாம் வேண்டாத வேலை என்றாள். பதினொன்றாவதில், யாரோ ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் இரவு பத்து மணி வரை ஆளுயர அட்டைகளுக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்தாள். நகக்கண்ணில் ஏறிய பச்சை தீபாவளி வரை போகவில்லை. புதிதாக வந்த பிள்ளைக்கு நண்பர்கள் இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஒரு வாரம் டியூஷனை நிறுத்திவிட்டு அட்டை வெட்ட அனுப்புங்கள்.

ஸ்கூல் பத்திரிகைக்கு 'எபிடாஃப்'னு பேராமே? கல்லறையில எழுதற வாசகம் இல்லையா அது?

அதேதான். பதின்வயதுக் குறும்பு அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் பத்திரிகை விளையாட்டுச் சமாசாரம் இல்லை. 1988 ஜனவரியில், பள்ளிப் பத்திரிகையில் எது வரலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்யலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹேசல்வுட் வழக்கில் தீர்ப்பளித்தது. எய்ட்ஸ் என்ற சொல்லுக்கே ஊர் நடுங்கிய நேரம் அது. தொற்று இருப்பதாகத் தெரியவந்த ஒரு மாணவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், எபிடாஃப் ஒரு கட்டுரை தயாரித்திருந்தது. தீர்ப்பு வந்த கையோடு அதைப் பள்ளி நிர்வாகம் நிறுத்திவைத்தது.

மாணவர்கள் விடவில்லை. கலிஃபோர்னியாவில் 1977-இலேயே மாணவர் பத்திரிகைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருந்தது. மாநிலச் சட்டம் கூடுதல் உரிமை கொடுத்தால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதைப் பறிக்காது என்பது தெளிவானதும் கட்டுரை வெளிவந்தது. உங்கள் பிள்ளை பத்திரிகை வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னால், 'அது எதுக்கு உதவும்?' என்று கேட்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மான்டா விஸ்டா நல்லதா, ஹோம்ஸ்டெட் நல்லதா?

ஐந்து பள்ளிக்கும் ஒரே மாவட்டம், ஒரே சம்பள அட்டவணை, ஏறக்குறைய ஒரே பாடத்திட்டம். மதிப்பெண் சராசரியில் மான்டா விஸ்டாவும் லின்புரூக்கும் மேலே இருக்கும். அங்கே ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் மிகப் பெரும்பான்மை. ஹோம்ஸ்டெட்டில் கலவை அதிகம்: பொறியாளர் பிள்ளையும், உணவகத்தில் வேலை பார்ப்பவர் பிள்ளையும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர் பிள்ளையும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். சுமார் 2,000 மாணவர்கள்.

என் சொந்தக் கருத்து: இணையதளங்கள் பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று போடும் எண் பள்ளியை அளப்பதில்லை, பெற்றோர் வருமானத்தையும் படிப்பையும் அளக்கிறது. இரண்டு எண் கூட வேண்டும் என்பதற்காக இன்னும் சில லட்சம் டாலர் கடன் வாங்கி, அதைக் கட்டுவதற்காக அப்பாவும் அம்மாவும் இரவு ஒன்பது மணிக்கு வீடு வருவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. போய்ப் பார்க்கும்போது ரோபாட்டிக்ஸ் பிள்ளைகளின் பட்டறையைப் பாருங்கள், அணி எண் 670. மெக்காலத்தின் கொட்டகைக்கு வாரிசு என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

தங்கச்சி வீடு எல்லைக்குள்ள இருக்கு. அவங்க முகவரியைக் கொடுத்துச் சேர்த்துடலாமா?

வேண்டாம். இதற்குக் காரணம் பள்ளிக்குப் பணம் வரும் வழியில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாநிலம் பணத்தை ஈடுகட்டும். ஒரு பிள்ளை கூடினால் பணமும் கூடும். இந்த மாவட்டத்தில் வீட்டு விலை அதிகம் என்பதால், சொத்து வரியே மாநிலம் வகுத்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு பிள்ளை கூடினாலும் கூடுதலாக ஒரு காசு வராது, இருப்பதைத்தான் பங்கிட வேண்டும். அதனால் குடியிருப்புச் சோதனை கறாராக இருக்கும். வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு.

பிடிபட்டால் வருடத்தின் நடுவில் பிள்ளை பள்ளி மாற வேண்டியிருக்கும். நீங்கள் நிஜமாகவே தங்கை வீட்டில் சேர்ந்து குடியிருந்தால் அது வேறு. அதற்கென்றே உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, முறையாகக் கொடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒன்பதாவது மார்க் காலேஜுக்கு கணக்கில் வராதாமே?

பாதி உண்மை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சராசரி கணக்கிடும்போது பத்தாவது, பதினொன்றாவது மதிப்பெண்களைத்தான் எடுக்கிறது. ஆனால் 'ஏ முதல் ஜி' என்று பதினைந்து ஓராண்டுப் பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று, வேற்றுமொழி இரண்டு என்று போகும். அதில் ஒன்பதாவது பாடங்களும் சேரும், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு வாங்கியிருக்க வேண்டும். தனியார் கல்லூரிகள் நான்கு வருடத்தையும் பார்க்கின்றன.

இங்கே நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று. டி வாங்கினால் பள்ளியில் பாஸ், கிரெடிட் என்கிற பாடப் புள்ளியும் கிடைக்கும். பல்கலைக்கழகக் கணக்கில் அது செல்லாது. 'பாஸ்தானே' என்று விட்டுவிட்டு, கடைசி வருடம் கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) சொல்லித் தெரிந்துகொண்ட குடும்பம் எனக்குத் தெரியும். அப்படி வந்தால் கோடையிலேயே அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள். எஸ்ஏடி தேர்வை இந்தப் பல்கலைக்கழகம் இப்போது சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை.

அந்த வேற்றுமொழிக்குத் தமிழை எடுத்துக்கலாமா?

பள்ளிக்குள் தமிழ் வகுப்பு இல்லை. வெளியே படிக்கும் தமிழுக்குப் பள்ளி கிரெடிட் கிடைக்குமா என்பது அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு என்ன அங்கீகாரம் இருக்கிறது, மாவட்டம் அதை ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் 1998-இல் இதே கூப்பர்டினோவில்தான் தொடங்கியது, கேட்டுப்பார்க்க நல்ல இடம். ஆனால் யார் என்ன சொன்னாலும், ஒன்பதாவதிலேயே கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் ஒருபுறம் இருக்கட்டும். இருமொழித் தேர்ச்சி முத்திரை என்று ஒன்றை அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்த மாநிலம் இது, 2012-இலிருந்து. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியில் தேர்ச்சி காட்டினால் பட்டயத்தில் தங்க முத்திரை ஒட்டித் தருவார்கள். தமிழுக்கும் வாங்கலாம்.

எத்தனை ஏபி எடுத்தா போதும்?

கேட்பவரைப் பொறுத்து நான் பதிலை மாற்றிச் சொல்வதுண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சராசரியில் கூடுதல் புள்ளி தருவது எட்டு அரையாண்டுகளுக்கு மட்டும், அதாவது நான்கு ஓராண்டுப் பாடங்கள். அதற்கு மேல் எடுப்பது பிள்ளைக்குப் பிடித்தால் சரி. பன்னிரண்டு ஏபி எடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி எடுக்கவைத்தால் தூக்கம்தான் போகும். 8.30 மணிச் சட்டம் எதற்கு வந்தது என்று மேலே சொன்னேனே.

ஏபியை விட்டால் டி ஆன்சா கல்லூரி இருக்கிறது. முன்பு சொன்ன பாலத்தைத் தாண்டி நேரே போனால் வந்துவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பகுதி நேரமாக அங்கே பாடம் எடுக்கலாம், அதற்குக் கல்விக் கட்டணமும் பொதுவாக இல்லை. ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரி ஆவணத்தில் நிரந்தரமாக நிற்கும். சும்மா எட்டிப் பார்க்கிற இடம் இல்லை.

ஊர்ல பத்தாவது பொதுத்தேர்வு எழுதிட்டு வரான். நேரா பதினொன்றாவதா?

பெரும்பாலும் வயதை வைத்தும், பழைய மதிப்பெண் பட்டியலை இங்கத்திய கிரெடிட்டாக மாற்றிப் பார்த்தும் முடிவு செய்வார்கள். பதினொன்றாவதில் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் அமெரிக்க வரலாறு, அரசாங்கம், பொருளாதாரம், இரண்டு வருட உடற்பயிற்சிப் பாடம் எல்லாம் ஈடுகட்ட வேண்டியிருக்கும். எது ஊரில் படித்ததாகக் கணக்கில் வரும் என்று பாடம் பாடமாகக் கேளுங்கள். ஒன்பதாவது, பத்தாவது இரண்டுக்கும் மதிப்பெண் பட்டியல் வேண்டும். ஒன்பதாவது பட்டியலை நம்மில் யாரும் பத்திரமாக வைப்பதில்லை. வீட்டு மொழிக் கேள்விக்கு மேலே சொன்னதேதான்.

பிள்ளைங்க எண்ணிக்கை குறையுதாமே. ஸ்கூலை மூடிடுவாங்களா? அப்புறம் வீட்டு விலை?

குறைவது நிஜம். வீட்டு விலை ஏறியதால் சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் இளம் குடும்பங்கள் இங்கே வர முடிவதில்லை. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பெற்றோர் வீட்டை விற்காமல் இருக்கிறார்கள். சொத்து வரி மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று 1978-இல் போட்ட விதி அவர்களுக்குச் சாதகம். கூப்பர்டினோவின் தொடக்கப்பள்ளி மாவட்டம் 2022-இல் ரெக்னார்ட், மையர்ஹோல்ஸ் என்ற இரண்டு பள்ளிகளை மூடியது. தொடக்கப்பள்ளியில் குறைந்தது சில வருடத்தில் உயர்நிலைப் பள்ளிக்கும் வந்துசேரும்.

இது முதல் தடவையும் இல்லை. மேலே விட்டுப்போன சன்னிவேல் உயர்நிலைப் பள்ளி 1956-இல் திறந்து 1981-இல் மூடப்பட்டது, காரணம் இதே பிள்ளைக் குறைவு. அங்கே இப்போது நடப்பது கிங்ஸ் அகாடமி என்ற தனியார் கிறிஸ்தவப் பள்ளி. ஹோம்ஸ்டெட்டை மூடும் பேச்சு எதுவும் என் காதுக்கு வரவில்லை, ஆனால் எல்லைகளை மாற்றி வரையலாம், பிரிவுகள் குறையலாம். வீட்டு விலை பற்றி என்னைக் கேட்காதீர்கள். நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.